கொள்ளிடக்கரையின் விழாப் பொருளியல்: சமயபுரம் – திருவரங்கம் பகுதியை முன்வைத்து

முன்னுரை

ஆற்றங்கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைத்துச் சுற்றுலா வருவாய் ஈட்டுவது இன்றைய நகர வளர்ச்சித் திட்டங்களில் முதன்மை பெறுகிறது. 2012இல் திறக்கப்பட்ட அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றுமுகப்பு அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. அம்முன்மாதிரி கொள்ளிடத்திற்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

விழாவும் வணிகமும்

கொள்ளிடத்திற்கு வடக்கேயுள்ள கண்ணனூர், 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீரசோமேசுவரனின் தலைநகராக விளங்கியது. அதனை ஒட்டியே இன்றைய சமயபுரம் அமைந்துள்ளது. தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் வடகாவிரி எனப்படும் கொள்ளிடக்கரைக்கு எழுந்தருளி, தமையனாகக் கருதப்படும் அரங்கநாதரிடமிருந்து பட்டு, மாலை முதலிய சீர்வரிசையைப் பெறுகிறாள். திருவரங்கத் தீவின் தென்புறத்தில், அம்மா மண்டபப் படித்துறையில் நம்பெருமாள் ஆடி மாதத்தில் காவிரிக்குச் சீர் வழங்குகிறார். பூ, பழம், மஞ்சள், வளையல் விற்போர்க்கு இந்நாள்களே வருவாய் தருவன. பந்தல் எழுகிறது, விழா முடிந்ததும் பிரிக்கப்படுகிறது. ஆகவே இக்கரையின் பொருளியல் கட்டடத்தைவிட நாள்காட்டியையே பெரிதும் சார்ந்துள்ளது.

ஆற்றின் இயல்பு

கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்தமையால் காவிரி நீர் அதன்வழி மிகுதியாகச் சென்றது. தஞ்சைப் பாசனம் நலிவுற்றது. இதனைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டளவில் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதன்பின் கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ள வடிகாலாகவே இயங்கி வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவும், சில நாள்கள் மட்டும் பெருவெள்ளமாகவும் அது காட்சியளிக்கிறது. சபர்மதியிலோ நருமதைக் கால்வாய் நீர் நிரப்பப்பட்டு நீர்மட்டம் பேணப்படுகிறது. அந்த நிலைத்த நீர்ப்பரப்பே அங்குச் சுற்றுலாவின் அடிப்படையாகும்.

இவ்வேறுபாட்டைக் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் உணர்த்துகிறது. 1928இல் கட்டப்பட்ட அப்பாலம், 2016இல் புதிய பாலம் திறக்கப்பட்டபின் மக்கள் நடைப்பயிற்சி மேற்கொள்ளும் இடமாயிற்று. திட்டமிடாமலே உருவான ஆற்றுநடைபாதை அது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22ஆம் நாள் முக்கொம்பில் ஒன்பது மதகுகள் உடைந்தன. ஏறத்தாழ 90 ஆண்டுகள் நின்ற பாலத்தையே வீழ்த்திய ஆற்றின் படுகையில் கடைகளையும் பூங்காவையும் அமைப்பது பொதுப்பணத்தையும் உயிர்களையும் இடருக்கு உள்ளாக்குவதாகும்.

முடிவுரை

கொள்ளிடக்கரை நெடுங்காலமாக மக்களை ஈர்த்தே வந்துள்ளது. அவ்வீர்ப்பு விழாவையும் பருவத்தையும் சார்ந்தது. எனவே படுகையை வெறுமையாக விட்டு, மேட்டுக்கரையில் நிழல், குடிநீர், கழிப்பறை, சிறுவணிகர்க்கு உரிய இடம் ஆகியவற்றை அமைப்பதே இப்பகுதியின் வரலாற்றோடு இயைந்த வளர்ச்சியாகும்.