தாகித்தித் தீவும் மிக்கோனியா மரமும்

பசிபிக் சமுத்திரத்திலுள்ள தாகித்தித் தீவின் தென்கரையிற் பப்பெயாரி என்னும் ஊர் உளது. மசாசூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்திற் பௌதிகம் கற்பித்த ஹரிசன் ஸ்மித் என்பார் 1919 ஆம் ஆண்டில் தாகித்தியிற் குடியேறி, அயனமண்டல நாடுகளின் மரஞ்செடிகளைத் திரட்டி அவ்வூரில் ஒரு பூங்கா அமைத்தார். 1937 இல் அப்பூங்காவுக்கு மிக்கோனியா வந்து சேர்ந்தது. அமெரிக்க அயனமண்டலக் காடுகளுக்குரிய இம்மரத்தின் இலை ஏறக்குறைய 1 மீற்றர் வரை நீளும். மேற்புறம் கரும்பச்சை, கீழ்ப்புறம் ஊதா. ஐரோப்பியர் 19 ஆம் நூற்றாண்டிலேயே இதனைக் கண்ணாடி மனைகளில் அழகுக்காக வளர்த்தனர். ஆங்கு அதனால் யாதொரு தீங்கும் விளையவில்லை. விளையவும் இயலாது, மனைக்கு வெளியே குளிர் அதனைக் கொன்றுவிடும்.

தாகித்தியிற் குளிரில்லை. மிக்கோனியாவின் சிறு கனியொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட விதைகள் உள. காட்டின் அடர்நிழலிலும் அவை முளைக்கும். முளைத்தவை 15 மீற்றர் வரை உயர்ந்து, தம் இலைவிரிவாற் கீழுள்ளவற்றுக்கு ஒளியை மறுக்கும். வேரோ ஆழஞ் செல்லாது. ஆகவே சரிவுகளில் மண் பெயர்கிறது. விதைகளை மலையெங்கும் பரப்பியவை பறவைகள். அவற்றுள் ஒன்று, நம் வீட்டுத் தோட்டங்களிற் காணும் கொண்டைக்குருவி. அதுவும் அத்தீவிற்கு அந்நியமே என்பது கருதத்தக்கது. 1982-83 இற் சூறாவளிகள் காட்டு விதானத்தைப் பிளந்தன. 1990களிற் கணக்கிட்டபோது தீவின் மூன்றிலிரண்டு பங்கிற்கு மேல் மிக்கோனியா பரவியிருந்தது.

இவற்றை முன்னரே மதிப்பிட்டிருக்கலாகாதா? அவுத்திரேலியா 1990களில் வகுத்த முறையில், புதிய தாவரமொன்றைப் பற்றி 49 வினாக்கள் வினவப்படும். 6 இற்கு மேற் புள்ளி பெறுவது விலக்கப்படும். பிறநாட்டிற் களையாயிற்றா என்பது அவற்றுட் சிறந்ததொரு வினா. எனினும் 1937 இல் அதற்கு விடை 'இல்லை' என்பதே. அவாய்த் தீவினர் மிக்கோனியாவை வரவழைத்த 1961 இலும் தாகித்தியின் கேடு வெளிப்பட்டிலது. பொஸ்பேக் என்னும் தாவரவியலார் 1971 இல் எச்சரித்தார். அவாயில் அது தீங்குக்களையென விதிக்கப்பட்டது 1992 இலேயே. ஆதலின் 'இதுவரை தீங்கில்லை' என்னும் விடையை நற்சான்றாகக் கொள்ளலாகாது. நிழல்தாங்கும் இயல்பு, விதைப்பெருக்கம், கனியுண்ணும் பறவை ஆகியன பற்றிய வினாக்களே அன்று மெய்யுரைத்திருக்கும்.

அயலிலுள்ள இறயாத்தேயாவிற் பாடசாலை மாணவரும் படைவீரரும் மலையேறிக் கன்றுகளைப் பிடுங்கினர். மண்ணிற் கிடக்கும் விதை 15 ஆண்டுக்கு மேலும் உயிர்த்திருப்பதால், துப்புரவாக்கிய சரிவிற்கே மீண்டும் மீண்டும் செல்லவேண்டியதாயிற்று. தாகித்தியில் 2000 ஆம் ஆண்டில் பிறேசிலிலிருந்து பெற்ற பங்கசு ஒன்று விடப்பட்டது. அது மரத்தைக் கொல்வது அரிது, இலையைத் துளைக்கும். அத்துளைகளூடு இறங்கும் ஒளியிற் சுதேச மரக்கன்றுகள் சில தலைதூக்குகின்றன.