ஜன்னல் வைத்த இல்லம்

லண்டனின் சிட்னம் பகுதியில் 1967-ல் மரணத்தை நெருங்கியோருக்காகத் திறக்கப்பட்ட செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தின் வாசலருகே ஒரு ஜன்னல் உண்டு. 1948-ல் புற்றுநோயால் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர், தன்னிடம் பரிவு காட்டிய சிசிலி சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு விட்டுச்சென்றார். அவர் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்றார்.

முதுகுவலியால் செவிலியர் வேலையை விட நேர்ந்த சாண்டர்ஸ், பின்னாளில் மருத்துவம் படித்தார். 1958 முதல் ஹாக்னியில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில் வலியை ஆராய்ந்தார். வலி தலைதூக்கிய பிறகு ஊசி போடுவதே அக்கால வழக்கம். அவரோ நேரம் தவறாமல் மார்ஃபினை வாய்வழியே கொடுத்தார். மருந்துக்காகக் கெஞ்சும் கொடுமை அதனால் நீங்கியது. உடலோடு மனமும் குடும்பக் கவலையும் ஆன்மாவின் தவிப்பும் சேர்ந்தே வலிக்கின்றன என்று கண்டு, 1960-களில் அதை ‘முழுவலி’ என்றார். மருத்துவ வரலாற்றில் இத்தனை கனிவான கண்டுபிடிப்பு அரிது.

சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆனாலும் எந்த மதத்தாரும், மதமே இல்லாதவரும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தில் சேரலாம். எழுந்து நடக்க இயலாதவர்களைக் கட்டிலோடு சிற்றாலயத்துக்குத் தள்ளிச்சென்றார்கள். 2005-ல் சாண்டர்ஸ் இறந்ததும் இதே இல்லத்தில்தான்.