பெயர் போடாத குரல்

வீட்டில் உட்கார்ந்து பார்க்க நல்ல இசைப் படங்கள் எவை என்று யாரைக் கேட்டாலும், ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ (1952) முதல் ஐந்துக்குள் வந்துவிடும். ஜீன் கெல்லி குடையை மடக்கிவிட்டு மழையில் நனைந்தபடி ஆடும் அந்த ஒரு காட்சியை, படத்தையே பார்க்காதவர்களும் பார்த்திருப்பார்கள். ஆனால் படத்தின் கதை மழையைப் பற்றியதல்ல. ஒரு பெண்ணின் குரலை இன்னொரு பெண்ணின் உடலுக்குக் கடன் வாங்குவதைப் பற்றியது.

கதை 1927இல் நடக்கிறது. பேசும் படம் வந்துவிட்டது. ஊமைப்படங்களில் புகழ்பெற்ற லீனா லமான்ட்டின் குரல் கீச்சுக்குரல். எனவே கேத்தி என்ற புதுமுகப் பெண்ணை மறைவில் வைத்து லீனாவுக்காகப் பேசவும் பாடவும் வைக்கிறார்கள். கேத்தியின் பெயர் வெளியே வரக்கூடாது என்று லீனா மிரட்டுகிறாள். கடைசியில் மேடையில் லீனா பாடுவதுபோல வாயசைக்க, பின்னால் கேத்தி பாட, நடுவில் இருக்கும் திரைச்சீலையை மூன்று ஆண்கள் இழுத்துத் திறந்துவிடுகிறார்கள். உண்மை வென்றது, திறமைக்குப் பெயர் கிடைத்தது என்று நாமும் சந்தோஷமாகக் கைதட்டுகிறோம்.

இனி அந்தப் படம் எடுக்கப்பட்ட விதத்தைப் பார்ப்போம். கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கு அப்போது வயது 19. படத்தில் கேத்தி லீனாவுக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடும் மெல்லிய காதல் பாட்டு ஒன்று வருகிறது. அதைப் பாடியது டெபி ரெனால்ட்ஸ் அல்ல, பெட்டி நாய்ஸ் என்ற பாடகி. கேத்தி லீனாவுக்காக வசனம் பேசும் காட்சியில் கேட்கும் செறிவான குரலோ, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். கீச்சுக்குரல் அவர் நடிப்புக்காக வரவழைத்துக்கொண்டது. அதாவது, இரவல் குரல் கொடுத்தவளுக்குப் பெயர் வேண்டும் என்று வாதாடும் படத்திலேயே இரவல் குரல் கொடுத்த பெட்டி நாய்ஸின் பெயர் இல்லை. கதைக்குள் விலகிய திரைச்சீலை, கதைக்கு வெளியே மூடியே கிடந்தது.

இதை ஒரு வேடிக்கையான தகவலாகச் சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1950களிலும் 60களிலும் ஹாலிவுட் எடுத்த பெரிய இசைப் படங்களின் வரலாற்றுக்குள், பெண்களின் உழைப்பு மறைக்கப்பட்ட இன்னொரு வரலாறு இருக்கிறது. அதன் மையத்தில் இருப்பவர் மார்னி நிக்ஸன்.

1930இல் கலிபோர்னியாவில் பிறந்தவர் நிக்ஸன். பதின்வயதில் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் கடிதங்களையும் காகிதங்களையும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தார். முறையாகப் பயின்ற பாடகி. இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் பாடக்கூடியவர். ஷோன்பெர்க், வெபர்ன் போன்றவர்களின் கடினமான நவீன இசையையும் பாடியவர். இப்படிப்பட்டவரை ஹாலிவுட் எதற்குப் பயன்படுத்தியது? ‘ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்’ (1953) படத்தில் மரிலின் மன்றோவின் பாட்டில் எட்டாத சில உச்ச ஸ்வரங்களை ஒட்டுப்போட. மன்றோ பாடிய பாட்டில் நடுவில் சில நொடிகள் மட்டும் நிக்ஸன் வந்து போவார்.

1956இல் ‘த கிங் அண்ட் ஐ’. கதாநாயகி டெபோரா கெர். இருவரும் வாரக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒத்திகை பார்த்தார்கள். கெர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்கிறார், பேச்சு எங்கே பாட்டாக மாறுகிறது என்று நிக்ஸன் கவனித்துத் தன் குரலை அதற்கேற்ப மாற்றினார். இதை ‘குரல் கொடுத்தார்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட முடியாது. இதுவும் நடிப்புதான். ஆனால் படத்தில் பெயர் போடவில்லை. வெளியே சொன்னால் இனி இந்த ஊரில் வேலை கிடைக்காதபடி செய்துவிடுவோம் என்று ஸ்டுடியோ தன்னை மிரட்டியதாக நிக்ஸன் பின்னாளில் சொன்னார். ரகசியத்தை உடைத்தது டெபோரா கெர்தான். பாடியது நான் மட்டுமல்ல, மார்னி நிக்ஸனும்தான் என்று பத்திரிகையாளரிடம் அவரே சொன்னார். தன் புகழில் ஒரு பங்கை இன்னொரு பெண்ணுக்குத் தானாகவே எடுத்துக் கொடுத்த அந்தச் செயலை நாம் மறக்கக் கூடாது.

எல்லாப் படங்களிலும் அந்தத் தோழமைக்கு இடம் இருக்கவில்லை. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1961) படத்தில் நடாலி வுட் தன் பாட்டுகளைத் தானே பாடிப் பதிவு செய்தார். அந்தப் பதிவுக்கு வாயசைத்து நடித்தும் முடித்தார். தன் குரல்தான் படத்தில் வரும் என்று அவர் நம்பும்படி விட்டுவிட்டு, படப்பிடிப்பு முடிந்தபின் நிக்ஸனைக் கொண்டு பாட்டுகளை மாற்றினார்கள். ஏற்கெனவே அசைந்துவிட்ட உதடுகளுக்கு நிக்ஸன் தன் குரலைப் பொருத்த வேண்டியிருந்தது. ஒரே காரியத்தில் இரண்டு பெண்கள் ஏமாற்றப்பட்டார்கள். ஒருத்திக்கு உண்மை சொல்லப்படவில்லை; இன்னொருத்திக்குப் பெயர் தரப்படவில்லை. அந்தப் படத்தில் ரீட்டா மோரீனோவும் நடாலி வுட்டும் நேருக்கு நேர் நின்று சண்டையிட்டுப் பாடும் காட்சி ஒன்று உண்டு. மோரீனோவுக்குப் பாடியவர் பெட்டி வாண்ட், வுட்டுக்குப் பாடியவர் நிக்ஸன். திரையில் இரண்டு பெண்கள், காதில் வேறு இரண்டு பெண்கள்.

அந்தப் படத்தின் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 54 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. விற்பனையில் ஒரு பங்கு வேண்டும் என்று நிக்ஸன் கேட்டார். ஸ்டுடியோ தரவில்லை. கடைசியில் இசையமைப்பாளர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் ராயல்டியிலிருந்து கால் சதவீதத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். பெர்ன்ஸ்டைனின் நல்ல மனதைப் பாராட்டலாம். ஆனால் ஒரு தொழிலாளிக்கு உரிமையாக வரவேண்டியது ஒரு பெரிய மனிதரின் கொடையாக வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே காலத்தில் நிக்ஸனின் கணவர் எர்னஸ்ட் கோல்டு, ‘எக்ஸோடஸ்’ படத்தின் இசைக்காக ஆஸ்கர் பெற்றார். ஒரே வீட்டில் இரண்டு இசைக்கலைஞர்கள். ஒருவர் பெயர் மேடையில் அறிவிக்கப்பட்டது. மற்றவர் பெயர் திரையிலேயே வரவில்லை.

ஆண்களுக்கும் இரவல் குரல் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ நாயகன் ரிச்சர்ட் பெய்மருக்கு ஜிம்மி பிரையன்ட் பாடினார். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் கிறிஸ்டோபர் பிளம்மருக்கு பில் லீ பாடினார். ஆனால் பாட வராத ஆணையும் பாட வரும் பெண்ணையும் ஒரே படம் எப்படி நடத்தியது என்று பார்க்க வேண்டுமானால் ‘மை ஃபேர் லேடி’க்கு (1964) போக வேண்டும்.

பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்திலிருந்து வந்த கதை அது. தெருவில் பூ விற்கும் எலைசாவின் பேச்சை மாற்றி, அவளைச் சீமாட்டியாக்கிக் காட்டுகிறேன் என்று பேராசிரியர் ஹிக்கின்ஸ் பந்தயம் கட்டுகிறார். பெண்ணின் வாயிலிருந்து அவளுடைய குரலை எடுத்துவிட்டு, ஆண் விரும்பும் குரலை வைப்பதுதான் கதையே. மேடையில் 1956 முதல் எலைசாவாகப் பாடி நடித்துப் புகழ்பெற்றவர் ஜூலி ஆண்ட்ரூஸ். தயாரிப்பாளர் ஜாக் வார்னர் அவரை விட்டுவிட்டு, சினிமாவில் பெயர் பெற்ற ஆட்ரி ஹெப்பர்னை எடுத்தார். ஹெப்பர்ன் பயிற்சி எடுத்துப் பாடிப் பதிவும் செய்தார். பிறகு பெரும்பகுதியை நிக்ஸனின் குரலால் மாற்றினார்கள்.

அதே படத்தில் ஹிக்கின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹாரிஸனுக்குப் பாட வராது. பாட்டைப் பேச்சு போலச் சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதால், முன்பதிவுக்கு வாயசைக்க மாட்டேன் என்றார். அவருக்காகக் கழுத்து டைக்குள் கம்பியில்லாத மைக் ஒன்றை மறைத்துவைத்து, நடிக்கும்போதே நேரடியாகப் பதிவு செய்தார்கள். ஆணின் குறைக்கு ஏற்பத் தொழில்நுட்பம் வளைந்து கொடுத்தது. பெண்ணின் குறைக்கு அவள் குரலே நீக்கப்பட்டது. ஹாரிஸனுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஹெப்பர்ன் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட வரவில்லை. அந்த ஆண்டு சிறந்த நடிகை விருது ‘மேரி பாப்பின்ஸ்’ படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸுக்குப் போனது. பத்திரிகைகள் இதை ஹெப்பர்னுக்கும் ஆண்ட்ரூஸுக்குமான போட்டியாக எழுதிக் களித்தன. முடிவெடுத்த ஸ்டுடியோ முதலாளியைப் பற்றிய பேச்சு அதில் அடிபட்டுப்போனது. இரண்டு பெண்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது நமக்கும் பழக்கமான கதைதான்.

இந்த வரலாற்றில் நிறத்தின் கணக்கும் உண்டு. ‘கார்மென் ஜோன்ஸ்’ (1954) படத்தின் நாயகி டோரத்தி டான்ட்ரிட்ஜ், சிறந்த நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். அவரே பாடகி. ஆனால் ஆபரா குரல் வேண்டும் என்று, மரிலின் ஹோர்ன் என்ற இளம் வெள்ளைப் பாடகியைப் பாடவைத்தார்கள். ‘ஷோ போட்’ (1951) படத்தில் வெள்ளையராக வாழும் கலப்பினப் பெண்ணின் பாத்திரம் வருகிறது. கறுப்பினப் பாடகி லீனா ஹோர்ன் 1946இல் வந்த வேறொரு படத்தில் அதே பாத்திரத்தின் பாட்டைப் பாடி நடித்துக் காட்டியவர். வாய்ப்பு ஏவா கார்ட்னருக்குப் போனது. அவருக்கும் அன்னெட் வாரன் பாடினார். ‘சவுத் பசிபிக்’ கதை இன்னும் விசித்திரம். மேடையில் அந்தப் பாத்திரத்தைப் பாடி 1950இல் டோனி விருது பெற்ற ஜுவானிடா ஹாலே 1958இல் படத்திலும் நடித்தார். ஆனால் பாட்டுக்கு மியூரியல் ஸ்மித்தின் குரலைப் போட்டார்கள். விருது வாங்கிய குரலே போதவில்லையாம்.

நம் ஊரில் நிலைமை வேறு. அது மேல் என்று உடனே சொல்லிவிட முடியாது. பின்னணிப் பாட்டு வருவதற்கு முன், நடிப்பவரே பாட வேண்டியிருந்த காலத்தில், ‘நந்தனார்’ (1935) படத்தில் ஆண் வேடமேற்ற கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். பாட்டும் உடலும் ஒருவரிடமே இருந்தபோது பேரம் பேசும் பலமும் அவரிடம் இருந்தது. பாட்டு தனியாகப் பிரிந்தபின், 1950களின் தொடக்கத்தில் பி. சுசீலா ஏவிஎம் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குப் பாடினார். இந்தியில் ‘மஹல்’ (1949) படத்தின் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்று அச்சாகியிருந்தது. அது கதாபாத்திரத்தின் பெயர். பாடியது யார் என்று கேட்டு வானொலி நேயர்கள் எழுதித் தள்ளியபின்தான் லதா மங்கேஷ்கரின் பெயர் வெளியே வந்தது.

இங்கே ஒரு திருப்பம் நடந்தது. ஹாலிவுட் மறைத்ததை நம் வானொலி சொல்லிவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், பாடியவர் என்று அறிவித்து அறிவித்து, நடிகைக்கு ஒரு குரலும் பாடகிக்கு ஒரு பெயரும் இருப்பதை நாம் இயல்பாக ஏற்றுக்கொண்டோம். ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) நாகஸ்வரத்தோடு இழைந்து வரும் குரல் சாவித்திரியுடையதல்ல, எஸ். ஜானகியுடையது என்று தெரிந்தும் நம் ரசனைக்கு எந்தக் குறையும் வரவில்லை. பெயரைச் சொன்னால் மாயை கலைந்துவிடும் என்ற ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் வாதம் எவ்வளவு பொய் என்பதற்கு நம் பாட்டிகளின் வானொலிப் பெட்டியே சாட்சி. தேசிய விருதில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் விருதை 1968ஆம் ஆண்டின் ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்காக சுசீலா பெற்றார். ஆனால் பெயர் கிடைத்த அளவுக்குப் பணத்தில் பங்கு கிடைக்கவில்லை. பாடியவர்களின் ராயல்டி உரிமை, 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபின்தான் எழுத்தில் தெளிவாக வந்தது. சுசீலா, ஜானகி தலைமுறை தன் பெரும்பாலான பாட்டுகளைப் பாடி முடித்து வெகுகாலம் ஆனபின்.

ஆகவே இந்தப் படங்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாருங்கள். வீட்டில் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. நிறுத்தலாம், திருப்பிப் போடலாம். ‘மை ஃபேர் லேடி’யில் எலைசா ஹிக்கின்ஸைப் பழிவாங்குவதாகக் கற்பனை செய்து கோபத்தோடு பாடும் பாட்டின் தொடக்கத்தில் ஒலிப்பது ஹெப்பர்னின் சொந்தக் குரல். இடையில் குரல் மேலே ஏறும் இடத்தில் நிக்ஸன் நுழைகிறார். இரண்டு மூன்று முறை கேட்டால் அந்தத் தையல் தெரியும். அதன் சிறப்பு டிவிடியில் ஹெப்பர்ன் பாடிய மூலப் பதிவுகள் சிலவும் உள்ளன. கேட்டுவிட்டு, அந்தக் குரல் அப்படி நீக்கப்பட வேண்டியதுதானா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் (1965) மரியாவை என்ன செய்வது என்று கன்னியாஸ்திரீகள் சேர்ந்து பாடும்போது, அவர்களில் ஒருவரான சிஸ்டர் சோஃபியாவைக் கவனியுங்கள். அது மார்னி நிக்ஸன். மூன்று பெரும் நட்சத்திரங்களின் பாட்டுகளைப் பாடிய பெண் தன் முகத்தோடும் தன் குரலோடும் அந்தச் சின்னப் பாத்திரத்தில் நிற்கிறார். இந்தமுறை அவர் பெயரும் படத்தில் இருக்கிறது.

2016இல் நிக்ஸன் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றி விரிவாக எழுதின. பெட்டி நாய்ஸ், பெட்டி வாண்ட், அன்னெட் வாரன், மியூரியல் ஸ்மித் என்ற பெயர்கள் அந்த அளவுக்கு யார் நினைவிலும் இல்லை. அடுத்தமுறை படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது நிறுத்திவிடாமல் இருங்கள். பாடியது யார் என்று தேடுங்கள். அந்தப் பெயர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். ‘மஹல்’ பாட்டைக் கேட்டுவிட்டு வானொலிக்குக் கடிதம் எழுதிய முகம் தெரியாத நேயர்கள் செய்தது அதைத்தான். அவர்கள் கேட்டதால்தான் ஒரு பெயர் வெளியே வந்தது.