அத்துவிதத்தின் முன்னொட்டு: சிவஞானபோத இரண்டாம் சூத்திர வார்த்திகத்தின் ஒரு வாசிப்பு

பெண்ணாடத்து மெய்கண்டாரின் கொள்கைக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்ட முற்பட்டவர்களுள் ஒரு சாரார் அதை 'மோனிசம்' என்றனர். மறுசாரார் 'ப்ளூரலிசம்' (பன்மைவாதம்) என்றனர். இவ்விரு சாராருக்குமிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கில் இரு தரப்பும் ஒரே இடத்தில் வழுக்கியிருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டுமே பொருள்களை எண்ணிச் சொல்லும் பெயர்கள். மெய்கண்டார் எண்ணவில்லை, 'அத்துவிதம்' (அ + துவிதம்) என்ற சொல்லின் தலையில் நிற்கும் எதிர்மறைக்குப் பொருள் வரையறுத்தார்.

'தனி, ஒன்றே' எனப் பொருள்படும் 'மோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மெய்யியலாளர் கிறிஸ்டியன் வோல்ஃப் வழக்கில் கொண்டுவந்த சொல்லிலிருந்து வந்தது 'மோனிசம்'. அது உடன்பாட்டுச் சொல். அத்துவிதமோ எதிர்மறைச் சொல். அதன் முதலில் நிற்கும் 'அ'வுக்கு உண்மையான கிரேக்க உறவு 'மோனோ' அன்று. 'அ-', 'அன்-' என்னும் கிரேக்க எதிர்மறை முன்னொட்டே. மெய்யின் முன் 'அ', உயிரின் முன் 'அன்' என்ற விதி இரு மொழியிலும் ஒன்று: வடமொழியில் அசத்து, அநாதி, கிரேக்க வழி ஆங்கிலத்தில் 'ஆட்டம்' (பிளக்க இயலாதது), 'அனார்க்கி' (ஆள்வோர் இல்லாமை). லத்தீன் 'இன்-', ஆங்கில 'அன்-' ஆகியவையும் இக்குடும்பமே. 

இம்முன்னொட்டுக்கு எங்கும் ஒரே பொருள் இருந்ததில்லை. 'அனீமியா' என்பதற்குச் சொல்லளவில் குருதியின்மை என்று பொருள். நோயாளியின் உடலில் குருதி உண்டு, குறைவாக உண்டு. 'இம்மோரல்' ஒழுக்கத்துக்கு மறுதலையானது. கிரேக்க முன்னொட்டை லத்தீன் சொல்லோடு ஒட்டிப் பின்னாளில் ஆக்கிய 'அமோரல்' ஒழுக்கம் என்ற அளவுகோலுக்கே புறம்பானது. வடநூலார் இம்முன்னொட்டுக்கு வகுத்த இன்மை, அன்மை, மறுதலை என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு, அத்துவிதத்தில் வருவது அன்மையே எனச் சிவஞான முனிவர் சிவஞானபோதத்துக்கு எழுதிய மாபாடியம் என்னும் உரையில் நிறுவினார். எண்ணுப்பெயரோடு சேரும்போது இம்முன்னொட்டு இன்மையைத் தருவதில்லை என்பது அவர் காட்டிய இலக்கணக் காரணம். அநேகம் என்றால் 'ஒன்றும் இல்லை' என்று யாரும் கொள்வதில்லை. 'ஒன்று அல்ல, பல' என்றே கொள்கிறோம்.

18ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் தம் கருத்தை 13ஆம் நூற்றாண்டு நூலின்மேல் ஏற்றினார் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஆகவே மாபாடியத்தை ஒதுக்கிவிட்டு, சூத்திரத்துக்கு மெய்கண்டாரே எழுதிய விளக்கமான வார்த்திகத்தை மட்டும் பார்ப்போம். அங்கே வாதம் இரண்டு அடியில் நகர்கிறது. அத்துவிதம் என்ற சொல்லுக்கு 'ஒன்று' என்று பொருள் கொண்டால், ஒன்று எனச் சுட்டுவதற்கே சுட்டுவோன் ஒருவன் வேண்டியிருக்கிறது என்பது முதல் அடி. ஆதலின் அச்சொல் உணர்த்துவது 'அந்நியநாத்தி' என்பது இரண்டாம் அடி.

சிக்கல் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. நாத்தி என்றால் 'இல்லை'. அப்படியானால் மெய்கண்டாரே இன்மைப் பொருளைத்தானே சொல்லிவிட்டார் என்று கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். ஆனால் எது இல்லை என்கிறார்? இரண்டாவது பொருள் இல்லை என்பது அவர் கருத்தானால் அது 'ஒன்று' என்பதேயாகும். முதல் அடியில் தள்ளியதை இரண்டாம் அடியில் ஏற்றவராவார். இத்தனை சுருங்கச் சொல்லும் ஆசிரியர் அடுத்தடுத்த இரு தொடர்களில் தம்மையே மறுத்துக்கொண்டார் எனக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்மை விழுவது 'அந்நியம்' என்பதன்மேல், அதாவது வேறாய்ப் பிரிந்து நிற்கும் நிலையின்மேல். பொருள் இரண்டாகவே இருக்கும்; பிரிவு மட்டும் இராது. 'இல்லை' என்பதையும் 'அல்ல' என்பதையும் வேறுபடுத்தியே பேசும் தமிழில் எழுதியவர், வடமொழி முன்னொட்டு மூடிவைத்த இந்த வேறுபாட்டைத் திறந்து காட்ட வேண்டியவராகிறார் என்று கருத இடமுண்டு.

இவ்வாசிப்பை அவர் தரும் உவமையும் தாங்குகிறது. பெயர் இடப்படுவது உறுப்பும் கருவியும் கூடிய உடலுக்கு. அப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் 'ஏன்' என்று குரல் கொடுப்பது உயிர். உயிர் உடலாகிவிடவில்லை, அதற்காக 'அது என் பெயரன்று' என விலகி நிற்பதுமில்லை. 'மோனிசம்', 'ப்ளூரலிசம்' இரண்டில் எதனாலும் அந்த 'ஏன்' என்ற மறுமொழியை விளக்க முடியாது.

சிவஞானபோதமே ரௌரவ ஆகமத்தின் மொழிபெயர்ப்பு என்போர், இதையெல்லாம் வடமொழி மூலத்தில் தேட வேண்டும் என்பர். அவ்வழக்கு பன்னிரண்டு சூத்திரங்களைப் பற்றியது. நாம் பார்ப்பது வார்த்திகம், அது மெய்கண்டாருடையது.

தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவம், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் அத்துவிதம் என்ற இதே சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்குச் சிவப்பிரகாசப் பாயிரம் சான்று. பொன்னும் அணியும் போன்ற ஒருமையை அவர் விலக்குகிறார். இருளும் ஒளியும் போன்ற மறுதலையையும் விலக்குகிறார். சொல்லும் பொருளும் போன்ற கலப்பையும் விலக்குகிறார். உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும் போன்ற உறவையே கொள்கிறார். மாபாடியம் பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முந்திய சான்று இது.

ஏழாம் சூத்திரம் ஒன்றுதான் இதற்குத் தடையாகத் தோன்றும். அசத்து என்பதிலும் அதே முன்னொட்டு நிற்கிறது; அங்கே சூனியம் என்ற சொல்லும் வருகிறது. அசத்து என்றால் 'இல்லாதது' என்று அடித்துச் சொல்ல அது போதும் எனச் சிலர் கருதுகின்றனர். ஆனால் மெய்கண்டார் அச்சூனியத்தைச் 'சத்தின் எதிரே' என்று எல்லை கட்டிச் சொல்கிறார். முற்றிலும் இல்லாத ஒன்றுக்கு எதிரும் இல்லை, புறமும் இல்லை. அந்த அடைக்கு வேலையே இராது. சத்தின் முன் விளங்காதது, சத்து அல்லாதது என்றே அங்கும் கொள்ள வேண்டியிருக்கிறது. உலகை உள்பொருள் என முதல் சூத்திரத்திலேயே நிறுவியவர் வேறு எப்படி எழுதியிருக்க முடியும்?