வீட்டுத் தொட்டியில் பல்லி வளர்க்க ஆசையா? வாங்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்

மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ் வரிசையில் இப்போது பிள்ளைகள் கேட்பது கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் பல்லி. செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு அடம் பிடிக்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிறீர்களா? எந்த இனம் நம் ஊர் வெயிலுக்குத் தாங்கும், எதற்கு என்ன தீனி, எதைத் தொட்டால் வழக்கு வரும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நிறமும் அழகும் அதற்குப் பிறகுதான்.

வேலியில் இருப்பதைப் பிடித்து வளர்க்கலாமா?

வேண்டாம். உடும்பு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடித்தாலோ வைத்திருந்தாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குட்டி உடும்பு என்றாலும் அதே சட்டம்தான். பச்சோந்தியும் பாதுகாக்கப்பட்ட உயிரினம். நம் பக்கம் பலர் கழுத்து சிவந்த ஓணானைப் பார்த்துவிட்டுப் பச்சோந்தி என்பார்கள். அது இனப்பெருக்கக் காலத்தில் நிறம் மாறிய ஆண் ஓணான். உண்மையான பச்சோந்தி மெல்ல ஆடி ஆடி நடக்கும், இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றும், வாலைச் சுருட்டி வைத்திருக்கும்.

ஓணானையும் அரணையையும் கூட இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். வெளியில் ஓடித் திரிந்த ஓணானைத் தொட்டியில் அடைத்தால் மிரண்டு கண்ணாடியில் மூக்கை மோதிப் புண்ணாக்கிக்கொள்ளும், தீனியும் எடுக்காது. வயலில் பூச்சி தின்னும் பிராணியைக் கொண்டுவந்து வீட்டில் பட்டினி போடுவதில் யாருக்கும் லாபமில்லை. அரணை கடித்தால் மரணம் என்று சொல்வதும் தவறு. அரணைக்கு விஷம் கிடையாது.

எந்த இனத்தை வாங்கலாம்?

பிறந்ததில் இருந்தே கூண்டில் வளர்ந்த வெளிநாட்டு இனமாகத்தான் வாங்க வேண்டும். பொதுவாகப் பேசப்படுபவை நான்கு.

சிறுத்தைப் பல்லி எனப்படும் லெப்பர்ட் கெக்கோ ஒரு சாண் நீளம்தான் இருக்கும். சாது. விரலில் ஒட்டும் தட்டு இல்லாததால் கண்ணாடியில் ஏறாது, கொழுப்பை வாலில் சேமிக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுக்கு மேல் வாழும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு உலகெங்கும் முதலில் சொல்லப்படுவது இதுதான். ஆனால் இதன் தாயகம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானோடு வடமேற்கு இந்தியாவும் சேர்ந்தது. அதனால் கடைக்காரர் பேச்சை மட்டும் நம்பாமல், உங்கள் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் பதில் வாங்காமல் இதைத் தொடாதீர்கள்.

கிரெஸ்டட் கெக்கோ நியூ கலிடோனியா தீவைச் சேர்ந்தது. அதற்கு 22 முதல் 26 டிகிரி வெப்பம் போதும். 28-க்கு மேல் நீடித்தால் தாங்காது. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் யோசிக்கலாம். வேலூர், திருச்சி, மதுரைக்காரர்கள் ஏ.சி. இல்லாமல் இதை வாங்குவது காசைக் கரியாக்குவது போல.

பச்சை இகுவானா கடையில் இருக்கும்போது கையளவு பச்சைக் குட்டியாக மனதைக் கவரும். சில ஆண்டுகளில் வாலோடு சேர்த்து ஐந்தடி வரை வளரும், வாலால் அடிக்கும். அது பன்னாட்டு சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளதால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வதும் கட்டாயம். சிறிய வீட்டுக்கு இது வேண்டாம்.

மீதி இருப்பது தாடி ஓணான் எனப்படும் பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பிராணி, நம் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்தது. வாலோடு ஒன்றரை முதல் இரண்டடி வரை வளரும். பகலில் விழித்திருக்கும், கையில் எடுத்தால் அமைதியாக உட்காரும், வெப்பம் தாங்கும். 10 ஆண்டுக்கு மேல் வாழும். நம் சமவெளி மாவட்டங்களுக்கு இருப்பதில் பொருத்தமானது இதுதான் என்பது எங்கள் கருத்து. ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பல்லிகளை உயிரோடு வணிக ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. எனவே காட்டில் பிடித்தது என்று யாராவது பெருமையாக விற்றால் அது கடத்தல் சரக்காகத்தான் இருக்கும்.

தொட்டியும் வெயிலும்

வளர்ந்த தாடி ஓணானுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் தேவை. மேல்மூடி கம்பி வலையாக இருக்கட்டும். தரையில் ஆற்று மணல் போடாதீர்கள். தீனியோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். சொரசொரப்பான டைல்ஸ் துண்டுகள் போதும், கழுவுவதும் சுலபம்.

ஒரு முனையில் குளிர்காய ஒரு கல்லும் அதன் மேல் விளக்கும். அந்தக் கல் 38 முதல் 42 டிகிரி இருக்க வேண்டும். மறுமுனை 25 முதல் 28 டிகிரி. வெளிநாட்டு வீடியோக்களில் தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்றே பேசுவார்கள். நமக்குச் சித்திரை, வைகாசியில் அந்தக் குளிர்ந்த முனையைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் இது மிகவும் கடினம். ஓட்டு வீட்டுக் கூடம், தளம் போட்ட வீட்டின் வடக்குப் பக்க அறை நல்லது. நேர் வெயில் விழும் ஜன்னலோரம் தொட்டியை வைத்தால் அரை மணியில் உள்ளே அடுப்பாகிவிடும். இரு முனைகளிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் வையுங்கள். கையால் தொட்டுப் பார்த்துக் கணிக்க வேண்டாம்.

சூட்டு விளக்கோடு யூ.வி.பி. விளக்கும் கட்டாயம். அது இல்லையென்றால் தின்னும் கால்சியம் எலும்பில் சேராது. தாடை மெத்தென்று ஆகும், கால் வளையும், உடல் நடுங்கும். இந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏனென்றால் அதன் சக்தி கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துவிடும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் இந்தக் கதிர் வராது.

100 வாட் விளக்கு நாளைக்கு 10 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட் கூடும். பம்புசெட் இலவச இணைப்பில் இருந்து இழுக்கும் யோசனை வேண்டாம்!

தீனியில்தான் விவசாயி தவறவிடக் கூடாது

பூச்சிதானே, வயலில் வலை வீசினால் வெட்டுக்கிளி கிடைக்குமே என்று தோன்றும். அதுதான் ஆபத்து. மருந்து தெளித்த வயலில் தப்பிய பூச்சியின் உடலில் மருந்து இருக்கும். நம் வயலில் தெளிக்காவிட்டாலும் பக்கத்து வயலில் இருந்து பறந்து வந்திருக்கும். மின்மினிப் பூச்சியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு மின்மினி தின்று தாடி ஓணான் இறந்தது உண்டு.

சுவர்க்கோழிப் பூச்சியை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் முட்டை அட்டை போட்டு, தவிடும் காய்கறித் துண்டும் கொடுத்து வீட்டிலேயே வளர்க்கலாம். ஓசூர், தருமபுரி பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இன்னும் வசதி. மல்பெரி இலை தின்ற ஆரோக்கியமான இளம் புழு மிக நல்ல தீனி. கிருமிநாசினித் தூள் தூவிய தட்டில் இருந்தும், நோய் கண்ட தட்டில் இருந்தும் எடுக்காதீர்கள். எந்தப் பூச்சியானாலும் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது.

குட்டிக்குத் தினமும் பூச்சி வேண்டும். வளர்ந்த தாடி ஓணானுக்குக் கீரையும் காயும்தான் முக்கிய உணவு: முருங்கைக் கீரை, செம்பருத்தி இலையும் பூவும், துருவிய பரங்கிக்காய். பாலக் கீரை எப்போதாவது போதும். பூச்சியின் மேல் ஊர்வனவற்றுக்கான கால்சியம் பவுடரைத் தூவிக் கொடுங்கள். மாட்டுக்கு வைத்திருக்கும் தாது உப்புக் கலவையை எடுத்துத் தூவ வேண்டாம். அதில் பாஸ்பரஸும் மற்ற உப்புகளும் மாட்டின் தேவைக்குச் சேர்க்கப்பட்டவை.

வாங்கும் நாளில்

கடையில் உங்கள் கண்முன் தீனி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். கண் தெளிவாக, வாலடி சதைப்பற்றோடு, எச்சம் வரும் துளை சுத்தமாக இருக்க வேண்டும். விரல்களை எண்ணுங்கள். உரிந்த தோல் விரலில் இறுகினாலும், ஒரே தொட்டியில் குட்டிகள் ஒன்றையொன்று கடித்தாலும் விரல் போகும். ஒன்று மட்டும் வாங்குங்கள், ஜோடி வேண்டாம். இனத்தின் பெயர், விற்பவர் முகவரியோடு பில் கேளுங்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த இகுவானாக்களும் மற்ற ஊர்வனவும் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. பில் தர மறுப்பவரிடம் வாங்கினால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் ஆடு மாடு பார்ப்பார்கள். பல்லி பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதை வாங்கும் முன்பே அருகில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டு வையுங்கள்.

பல்லியின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிச் சாமான்களைச் சமையலறையில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் சில ஆண்டுகள் தள்ளிப் போடுங்கள். மருந்து அடித்துவிட்டு வந்த கையோடு பல்லியைத் தூக்க வேண்டாம், தொட்டி இருக்கும் அறையில் கொசு, கரப்பான் ஸ்பிரேயும் வேண்டாம்.

வளர்க்க முடியாமல் போனால் வயலிலோ ஏரிக்கரையிலோ விடாதீர்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்த்தவர்கள் விட்ட இகுவானாக்கள் பெருகி இன்று தோட்டங்களைத் தின்கின்றன, கால்வாய்க் கரைகளில் வளை தோண்டுகின்றன. வாங்கும்போதே, திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று விற்பவரிடம் கேட்டுப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.