கரி சொல்லும் காலம்: சமனலவெவ இரும்புலைகள் பற்றி ஒரு நோக்கு

ஊவாவின் தென்சரிவுகளுக்கு வரலாறு கோப்பிச் செடியோடுதான் தொடங்கிற்று என்பது நம்மிற் பலரிடம் ஊறிப்போன எண்ணம். 19-ஆம் நூற்றாண்டில் துரைமார் காடழித்ததும், தென்னிந்தியத் தொழிலாளர் மலையேறியதும் எழுத்திற் பதிந்துள்ளன. அதற்கு முன் இங்குக் காடும் அட்டையுமே இருந்தன என எளிதிற் கருதிவிடுகிறோம். ஆயின், பெரகலச் சந்தியிலிருந்து தென்மேற்கே நேர்கோட்டில் இருபது கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவில், இன்று சமனலவெவ நீர்த்தேக்கம் அமைந்துள்ள குன்றுப் பகுதியில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரும்பு உருக்கப்பட்டது. காலத்தைக் கூறுவது கல்வெட்டன்று. உலையோடு எஞ்சிய மரக்கரி.

1992-இல் அணை நிறைவுறுமுன் நீரில் மூழ்கவிருந்த நிலத்தை ஆராய்ந்தோருள் பிரித்தானிய ஆய்வாளர் ஜில் ஜூலெப் ஒருவர். குன்றுகளின் மேற்கு முகத்தில் வரிசையாக அமைந்த உலைகளை அவர் கண்டார். துருத்தி ஊதியதற்கு மாறாக, தென்மேற்பருவக் காற்றின் விசையைக் கொண்டே அவை எரிக்கப்பட்டன என்பது அவர் முடிவு. முன்சுவரின் மேலாக விரையும் காற்று உலையினுள் அமுக்கத்தைக் குறைக்க, சுவரடியிற் பதித்த மண்குழாய்கள் வழியே காற்று உள்ளிழுக்கப்படும். 1994-இல் அவ்வாறே உலை கட்டி உருக்கிப் பார்த்தபோது உருக்கும் கிடைத்தது. 1996-இல் 'நேச்சர்' இதழில் வெளியான அக்கட்டுரை, காற்றுலை நல்ல இரும்பு தராது என்றிருந்த பழைய கருத்தை அசைத்தது. உலைகளின் காலம் கி.பி. 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை எனக் கதிர்க்காபன் முறையால் வகுக்கப்பட்டது.

இம்முறையைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் வில்லாட் லிபி உருவாக்கினார். 1960-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அண்டக்கதிர்களால் வளிமண்டலத்திற் பிறக்கும் காபன்-14, வளரும் மரத்தின் ஒவ்வொரு வளையத்திலும் சேர்கிறது. வளையம் உருவாகி முடிந்தபின் புதிதாய்ச் சேர்வதில்லை. உள்ளது மட்டும் 5730 ஆண்டுகளுக்குப் பாதியாகத் தேய்ந்துவருகிறது. எஞ்சியதை அளந்து, வளிமண்டலத்தின் ஏற்றத்தாழ்வுகளை மரவளைய அட்டவணையால் திருத்தினால் ஒரு கால எல்லை கிட்டும். எல்லை என்பதை அழுத்திக் கூறவேண்டும். தனியோர் ஆண்டை இம்முறை தருவதில்லை.

இங்கே ஒரு வினா எழுகிறது. கரி தன் வயதைச் சொல்கிறது; இரும்பின் வயதைச் சொல்கிறதா? இருநூறு ஆண்டு நின்ற மரத்தின் வைரப்பகுதி எரிந்திருப்பின், காலக்கணிப்பு எரித்த நாளினும் இருநூறு ஆண்டு முந்தும். மலைச்சரிவிலோ மேலிருந்து வழிந்த மண் பழைய கரியையும் புதிய குழியிற் சேர்த்துவிடும். சமனலவெவச் சான்றின் வலிமை, அங்குக் கரியே உலையின் எரிபொருள் என்பதில் உள்ளது. கசடும் கரியும் ஒரே தொழிலின் எச்சங்கள்; இரண்டையும் இணைக்க ஊகம் அதிகம் தேவையில்லை.

தமிழ்நாட்டுச் சிவகளையை இதனோடு ஒப்பிடலாம். அங்குத் தாழியிற் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 எனும் காலம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. இரும்பு கிடைத்த சூழலின் கரிக்குக் கி.மு. 3345 எனும் காலம் 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டது. நெல் ஓராண்டுப் பயிராதலின் வைர மரத்தின் சிக்கல் அதற்கில்லை. கரிக்கோ அச்சிக்கல் உண்டு. அது தாழிக்குள் எவ்வாறு வந்தது என்பதும் விளக்கப்படவேண்டும். பெருமிதம் கொள்ளுமுன், அதே இடத்திலிருந்து விதை, எலும்பு முதலிய குறுகிய ஆயுளுடைய பொருள்களுக்கும் காலம் கேட்பதே தமிழ் மாணவருக்கு அழகு. சிங்களத் தொன்மை பேசுவோரிடம் நாம் வேண்டும் சான்று நமக்கும் பொருந்தும் அல்லவா?

சமனலவெவயிலும் இவ்வகை ஆசை தலைகாட்டும். உலைகள் 11-ஆம் நூற்றாண்டில் ஓய்கின்றன. 1017-இல் ஐந்தாம் மகிந்தன் சோழரிடம் சிறைப்படுகிறான். இரண்டையும் முடிச்சிட்டு, சோழர் படையே உலைகளை அணைத்தது என ஒருவர் எழுதலாம். ஒரு நூற்றாண்டு அகலமுள்ள கால எல்லை அம்முடிச்சைத் தாங்காது. காடு குறைந்ததோ, சந்தை மாறியதோ, கரி அதைச் சொல்லவில்லை. மாறாக, 9-ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி வாள்கள் பற்றிய தம் நூலிற் சரந்தீப்பைக் குறிப்பிடுவது, உலைகள் எரிந்த காலத்தோடு இயல்பாகப் பொருந்துகிறது.

இத்தனை கூரிய முறை நம் தோட்டங்களை அணுகும்போது மழுங்கிவிடுகிறது என்பது விந்தையே. ஏறத்தாழ 1650-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட காலத்தில் மரவளைய அட்டவணை ஏறியும் இறங்கியும் செல்வதால், ஒரே அளவீட்டுக்குப் பல விடைகள் கிடைக்கின்றன. நிலக்கரிப் புகை மேலும் குழப்புகிறது. 800-இல் எரிந்த உலைக்குக் காலம் சொல்லும் ஆய்வுகூடம், 1880-இல் எரிந்த லயன் அடுப்புக்குத் திட்டமாய்ச் சொல்ல இயலாது. அந்த அடுப்பின் காலத்தைச் செக்ரோல் ஏடுகளிலும், பிறப்புப் பதிவுகளிலும், கோயிற் கணக்குகளிலும், வீடுகளிற் பேணிய கடதாசிகளிலுமே தேடவேண்டும். பெரகலைக்குக் கிழக்கே கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயன்களை மூடியபோது, மனிதரோடு அக்கடதாசிகளும் மண்ணுக்குள் போயின.