நீதிபதி வில்லிஸ் எழுப்பிய வினா

1841ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மெல்போர்ன் நீதிமன்றத்திலே போன்ஜன் என்னும் ஆஸ்திரேலிய ஆதிக்குடி மகன் கொலைக் குற்றவாளியாக நிறுத்தப்பட்டான். ஜீலோங் என்னுமிடத்தில் யம்மோவிங் என்பவனைச் சுட்டுக் கொன்றான் என்பது வழக்கு. இறந்தவனும் ஆதிக்குடியினனே, ஆயின் வேறு குலத்தவன். வெள்ளையர் எவருக்கும் இதனால் தீங்கு நேரவில்லை. தம் முன்னோர் வகுத்த முறைப்படி வாழும் இருவருக்கிடையே நிகழ்ந்ததை விசாரிக்க ஆங்கில மன்றத்திற்கு அதிகாரம் ஏது என்று வழக்கறிஞர் ரெட்மண்ட் பாரி வாதித்தார்.

இவ்வாதம் புதியதன்று. 1788இல் சிட்னியில் ஆங்கிலக் குடியேற்றம் தொடங்கியது. ஆங்கிலச் சட்டமுறைப்படி, ஒரு நாடு போரில் வெல்லப்பட்டாலோ உடன்படிக்கையால் பெறப்பட்டாலோ, மன்னர் மாற்றும் வரை அந்நாட்டு வழக்குகளே நிலைபெறும். குடிகளற்ற நாட்டிற் குடியேறினால் மட்டுமே ஆங்கிலச் சட்டம் குடியேறுவோருடன் உடனே செல்லும். ஆஸ்திரேலியாவிலோ குடிகள் இருந்தனர். ஆயினும் அது குடிகளற்ற நாடாகவே கருதப்பட்டது. 1835இல் ஜான் பாட்மன் என்பார் போர்ட் பிலிப் பகுதி ஆதிக்குடியினரோடு நிலத்திற்காகச் செய்துகொண்ட உடன்படிக்கையையும் கவர்னர் பர்க் செல்லாதென அறிவித்தார்.

1829இல் பல்லார்ட் என்னும் ஆதிக்குடியினன் தன் இனத்தான் ஒருவனைக் கொன்ற வழக்கில், சிட்னி நீதிபதிகள் தாம் தலையிடுவதற்கில்லை என்று விட்டுவிட்டனர். ஆயின் 1836இல் மர்ரல் என்பவனது வழக்கில் அந்நிலை மாறியது. ஆதிக்குடியினர் தனியரசாகக் கருதத்தக்க ஆட்சிமுறை உடையவரல்லர் என்றும், நாட்டெல்லைக்குள் உள்ள யாவரும் ஆங்கிலச் சட்டத்திற்கு உட்பட்டவரே என்றும் நீதிபதி பர்ட்டன் தீர்ப்பளித்தார். பின்னர் ஜூரிகள் மர்ரலைக் குற்றமற்றவன் என விடுவித்த போதிலும் அத்தீர்ப்பு நிலைத்துவிட்டது. சட்டம் இவ்வாறு அவர்களைப் பிணித்தது; அவர்தம் சாட்சியத்தையோ ஏற்கவில்லை. சத்தியப் பிரமாணம் செய்யத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்ட அவர்களுக்கு, நியூ சவுத் வேல்ஸில் 1876இல்தான் சாட்சி கூற வழி பிறந்தது.

போன்ஜன் வழக்கை விசாரித்த நீதிபதி ஜான் வால்போல் வில்லிஸ், மர்ரல் தீர்ப்பு தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார். இம்மக்கள் வெல்லப்பட்டவருமல்லர், ஆங்கில ஆட்சிக்கு இசைந்தவருமல்லர். தமக்கெனச் சட்டங்கள் உடையவர். ஆகவே தம் மன்றத்திற்கு அதிகாரம் உண்டா என்பது ஐயத்திற்குரியது எனக் கூறினார். முடிவான தீர்ப்பு வருமுன் வழக்குக் கைவிடப்பட்டது. போன்ஜன் விடுதலையானான். கவர்னர் கிப்ஸ் வில்லிஸின் கருத்தை ஏற்கவில்லை. வேறு பல பூசல்களின் காரணமாக வில்லிஸ் 1843இல் பதவி நீக்கப்பட்டார்.

1992இல் மாபோ வழக்கில், ஆஸ்திரேலியா உரிமையாளரற்ற நிலமாக இருந்தது என்னும் கொள்கையை அந்நாட்டு ஹை கோர்ட் தள்ளியது. ஆதிக்குடியினரின் நிலவுரிமையை ஏற்றது. ஆயினும் ஆங்கில முடி அந்நாட்டின்மீது இறைமை பெற்றதைத் தன் மன்றத்தில் வினவ இயலாது என்றும் உரைத்தது. தம் மக்களின் இசைவின்றிக் குற்றவியற் சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என ஆதிக்குடியினர் ஒருவர் தொடுத்த வாதத்தையும் 1994இல் தலைமை நீதிபதி மேசன் நிராகரித்தார்.

நிலத்தைப் பற்றிய பொய் திருத்தப்பட்டது. அப்பொய்யின் மேல் எழுந்த அதிகாரத்தைப் பற்றிய வினாவுக்கோ, அவ்வதிகாரத்தால் அமைந்த மன்றமே நடுவராயிற்று. இசைவைக் கேளாது விதித்த சட்டம் எதனால் கட்டுப்படுத்தும் என்று வில்லிஸ் ஐயுற்றது இதனையே.